மறுபடியும் மணல் அள்ளிய இருவர்

பல ஆண்டுகளுக்கு முன்பு புகழோடு நடந்து ஓய்ந்துபோன ஒரு நாடகத்தை, அந்நாளில் அதில் வேடம் தரித்தவர்களையே ஊர் ஊராகத் தேடிப் பிடித்து ஒன்று கூட்டி, மறுபடியும் மேடையேற்றப் போகிறார்கள் என்ற செய்தி வெளியானால், நாடகக் கலையில் ஞானம் உடையவர்கள் என்று பெயர் பெற்றவர்களின் முகத்தில் ஒரு மெல்லிய புன்னகை அரும்புவதைக் காணலாம். அந்தப் புன்னகைக்கு உரை எழுதப் புகுந்தால் அது ஏறத்தாழ இவ்விதம் இருக்கும்: ஆறின கஞ்சி பழங்கஞ்சி, நாடகம் அது பிறந்த காலத்துக்கு உரியது, அந்தக் காலம் போன பிறகு அதைக் கூப்பிடுவது திதி கொடுப்பதற்குச் சமானம், நடிகர்களோ கிழவர்களாகிவிட்டார்கள், பார்க்க வருகிறவர்களும் தங்களுடைய கழிந்துபோன வாலிபத்தைக் காண வருகிறார்களேயன்றி நாடகத்தைக் காண வருவதில்லை, இதற்கு ஆகும் பொருளையும் அரங்கத்தையும் இளைஞர்களிடம் ஒப்படைத்தால் புதிதாக ஒரு நாடகமாவது பிறக்குமே.

இதைச் சொல்பவர்கள் விஷயம் தெரியாதவர்கள் அல்லர் என்பதனாலேயே இதை மறுக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கண்டிக்கிற பேர்வழிகள் உலகத்தில் இல்லவே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஒரு காலத்தில் பெயர் வாங்கிய இரண்டு நட்சத்திரங்களை மேடைக்கு இழுத்து வந்து, மறந்துபோன வசனத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து ஊட்டி, சால்வை போர்த்தி, டிக்கெட் விலையை மட்டும் புதிதாக்கி நடத்தப்படும் விழாக்கள் எல்லா தேசத்திலும் உண்டு. அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சந்தையில் கலப்பட நெய் விற்கிறது என்பதற்காகப் பசுவைக் குறை கூறுவது நியாயமாகாது. பொதுப்படையாக வாதம் செய்தால் இரு கட்சியாரும் ஜயித்ததாகவே எண்ணிக்கொண்டு வீடு திரும்புவோம் ஆகையால், ஒரே ஒரு திருஷ்டாந்தத்தை எடுத்துக்கொண்டு, மேற்சொன்ன ஆக்ஷேபணைகளை அதன் மீது வைத்துப் பார்க்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில், போர்ட் எலிஸபெத் நகரை அடுத்து, கறுப்பர்கள் குடியிருக்கும்படி ஒதுக்கப்பட்டிருந்த நியூ பிரைட்டன் என்ற பகுதியில், 1960களில் ஸெர்பன்ட் பிளேயர்ஸ் என்ற அமெச்சூர் நாடகக் குழு ஒன்று இருந்தது. வெள்ளையரான அதோல் ஃபூகார்ட் என்ற நாடகாசிரியரும், ஜான் கானி, வின்ஸ்டன் இன்ட்ஷோனா என்ற இரு கறுப்பு நடிகர்களும் அந்தக் குழுவில் பழகியவர்கள். நடிகன் என்ற தொழில் ஒரு கறுப்பனுக்கு உண்டு என்பதையே அந்நாட்டுச் சட்டம் ஒப்புக்கொள்ளாமையால், கானியும் இன்ட்ஷோனாவும் கறுப்பர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அடையாளச் சீட்டாகிய பாஸ் புத்தகங்களில் ஃபூகார்டின் வீட்டு வேலைக்காரர்களாகப் பதிவு செய்யப்பட்டிருந்தார்கள். இம்மூவரும் முதலில் பிரதி எழுதிக்கொள்ளாமல், ஒத்திகையிலேயே பேசிப் பேசி, செய்து செய்து, இரண்டு நாடகங்களை உருவாக்கினார்கள். கேப் டவுன் நகரில் ஸ்பேஸ் என்ற சிறிய அரங்கத்தில் 1972ஆம் ஆண்டு அக்டோபரில் ‘சிஸ்வே பான்ஸி இறந்துவிட்டான்’ என்பதும், 1973ஆம் ஆண்டு ஜூலையில் ‘தீவு’ என்பதும் அரங்கேறின. அரசியல் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த ராபன் தீவுச் சிறையின் பெயரை வாய்விட்டுச் சொல்வதும் சிறைகளின் உள்நிலையை வெளியில் பேசுவதும் ஆபத்தாக இருந்த காலம் ஆகையால், பின்னது முதலில் ‘ஹோடோஷேயின் வேலைக் கூட்டம்’ என்ற பெயரோடு நடந்தது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய், 1975இல் சிறந்த நடிகருக்கான டோனி பரிசை அவ்விருவரும் சேர்ந்து பெற்றார்கள். அதே இருவர், அதே ‘தீவு’ நாடகத்தை, 2000ஆம் ஆண்டில் லண்டன் நேஷனல் தியேட்டரிலும், 2002இல் ஓல்டு விக் அரங்கிலும், 2003இல் நியூயார்க் புரூக்ளினிலும் மறுபடி நடித்தார்கள். முதன்முதல் நடித்தபோது இருவரும் முப்பது வயதை ஒட்டியவர்கள். 2000ஆம் ஆண்டில் அறுபதை எட்டிக்கொண்டிருந்தவர்கள்.

வயது என்ற ஆக்ஷேபணையை முதலில் பார்ப்போம், ஏனென்றால் மற்றவை வாயால் சொல்லப்படுகின்றன, இதுதான் மனத்தில் நினைக்கப்படுகிறது.

‘தீவு’ நாடகத்தில் பாத்திரங்கள் இரண்டே. ஒரே அறையில் அடைபட்டிருக்கும் இரு கைதிகள். அவர்களுடைய பெயரும் ஜான், வின்ஸ்டன் என்பதுதான். திரை விலகியதும் பேச்சு இல்லை. இருவரும் இல்லாத மணலை அள்ளி, இல்லாத தள்ளுவண்டியில் நிரப்பி, ஒருவன் தோண்டும் இடத்தில் மற்றவன் கொட்டி, மற்றவன் தோண்டும் இடத்தில் இவன் கொட்டி, எந்தக் குவியலும் குறையாதபடி, பார்ப்பவர்களுக்கே முதுகு வலி எடுக்கும்வரை, அந்த வீண் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பின்பு கைகளைப் பிணைத்து அவர்களை ஓட விடுகிறார்கள். இளமையிலே இதைச் செய்தவர்களின் உடல் வலு பற்றி அந்நாளில் வியந்து எழுதினார்கள். அறுபதை எட்டிய உடல் இதைச் செய்தால் என்ன ஆகும்? நாடகம் கெட்டுவிடும் என்கிறது எதிர்க்கட்சி. எனக்கோ, நாடகம் கேட்கிற உடலே அதுதான் என்று தோன்றுகிறது. ராபன் தீவின் கைதிகள் முப்பது வயதோடு நின்றுவிட்டவர்களா? மண்டேலா தம் இருபத்தேழு ஆண்டுச் சிறைவாசத்தில் பதினெட்டு ஆண்டுகளை அங்கே கழித்தார். நாற்பதுகளில் உள்ளே போனவர் அறுபதைத் தாண்டி அத்தீவை விட்டு வெளியேறினார். அங்கே கைதிகள் வேலை செய்த சுண்ணாம்புக் குழியின் வெண்மைக் கூச்சத்தில் அவர் கண்கள் பழுதுபட்டன. மூச்சு வாங்குகிற கிழவன் மணல் அள்ளும்போது அங்கே நடிப்புக்கு வேலை குறைந்து, உண்மைக்கு இடம் கூடுகிறது.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. மேல்முறையீட்டில் ஜானுக்குத் தண்டனை குறைந்து, இன்னும் மூன்றே மாதத்தில் விடுதலை என்ற செய்தி வருகிறது. வின்ஸ்டனோ ஆயுள் கைதி. நண்பனின் நற்செய்தியில் முதலில் தானும் குதித்து மகிழ்ந்த வின்ஸ்டன், இரவு முதிர முதிர, கசப்பு மேலிட்டு, கல் குழியில் வேலை செய்யும் ஹாரி என்ற கிழவரைப் பற்றிப் பேசத் தொடங்குகிறான். ஏன் வந்தோம், எதற்காக அடைபட்டோம் என்பதையெல்லாம் மறந்து, தாம் உடைக்கிற கல்லையே நேசித்து, தாமும் கல்லாகிவிட்ட கிழவர் அவர்; நாளை நானும் அவராகத்தான் ஆவேன் என்பது வின்ஸ்டனின் பயம். முப்பத்தோரு வயது இன்ட்ஷோனா 1973இல் இதைப் பேசியபோது அது ஒரு வாலிபன் எதிர்காலத்தைப் பார்த்து நடுங்கிய நடுக்கம். ஐம்பத்தெட்டு வயது இன்ட்ஷோனா 2000இல் அதே வார்த்தைகளைப் பேசியபோது, பேசுகிறவனும் பேசப்படுகிறவனும் ஒரே உடலுக்குள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். ஓர் எழுத்தும் மாறவில்லை. எந்த இளம் நடிகன், எத்தனை திறமைசாலியானாலும், நரை மயிரை ஒட்டிக்கொண்டு இந்தப் பொருளை வருவிக்க முடியும்? இடையில் கழிந்த இருபத்தேழு வருஷம் மூன்றாவது பாத்திரமாக அந்த அறைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பாத்திரத்துக்கு வேஷம் கட்டக் கூலிக்கு ஆள் கிடையாது. தற்செயலாக அந்த இருபத்தேழு, மண்டேலாவின் சிறை ஆண்டுகளின் எண்ணிக்கையும் ஆகிறது. இதை ஒரு சாட்சியாகச் சொல்லவில்லை. எண்கள் சில சமயம் இப்படி விளையாடும்.

நம் நாட்டவர் வயதைச் சொல்லி நகைப்பதுதான் எனக்கு அதிக வியப்பாக இருக்கிறது. டி. கே. சண்முகம் முப்பது வயதை ஒட்டிய நாளில் அவ்வைக் கிழவியாகக் கூனி நடந்து, அந்தப் பெயரையே பட்டமாகப் பெற்றதை நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடினோம். இளையவன் முதுமையைப் பூசிக்கொண்டால் கலை, முதியவன் இளமையை நினைத்துக்கொண்டால் பரிகாசமா? மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மூன்றாவது ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு, திருவிழா இரவில் அரிதாரம் பூசும் இடத்திலேதான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்பு எந்தக் கோயில் கொடையிலோ சேர்ந்து ஆடிய வள்ளியும் வேலனும் மறுபடி அன்றைக்குச் சந்தித்து, ஒத்திகை என்பதே இல்லாமல் தர்க்கத்தில் இறங்கும்போது, பழைய மடக்குகள் தாமே வந்து விழுவதையும், இடையிலே தேறிய புதிய மடக்குகள் ஊடே பாய்வதையும், மணலில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் சனங்கள் விடியவிடிய ரசிக்கிறார்கள். பழங்கஞ்சி என்று எழுந்துபோனவர் எவருமில்லை.

அடுத்தது, காலம் போய்விட்டது என்ற வாதம். இது கேட்பதற்கு கம்பீரமானது. பாஸ் சட்டம் 1986இல் நீக்கப்பட்டது. மண்டேலா 1990இல் விடுதலையானார். 1994இல் எல்லா இனத்தவரும் வாக்களித்து அரசு அமைந்தது. ஆகவே நிறவெறியைத் தாக்க எழுந்த நாடகம் தன் வேலை முடிந்து இளைப்பாறலாம் என்கிறார்கள். அப்படியானால் அந்நாடகத்தின் உள்ளேயே இருக்கிற நாடகத்தை என்ன செய்வது? ஜானும் வின்ஸ்டனும் சிறைக் கச்சேரிக்காக ஒத்திகை பார்ப்பது சோஃபாக்ளிஸ் எழுதிய ‘ஆன்டிகனி’. அது பிறந்து ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் ஆகின்றன. தீப்ஸ் நகரம் போயிற்று, கிரியோன் அரசன் போனான், பிணத்தைப் புதைக்கக் கூடாதென்ற அவன் ஆணையும் போயிற்று. அதையெல்லாம் போனதென்று தள்ளாத விமர்சகர், இருபத்தேழு ஆண்டில் ஒரு நாடகத்துக்குக் கருமாதி செய்ய ஏன் இத்தனை அவசரப்படுகிறார்?

இந்த ‘ஆன்டிகனி’யின் வரலாற்றை அறிந்தால், மறு மேடையேற்றத்தை இகழ்வது எவ்வளவு விபரீதம் என்பது விளங்கும். ஸெர்பன்ட் பிளேயர்ஸ் குழு 1965இல் அதை நடத்த ஏற்பாடு செய்தபோது, நடிக்க இருந்த ஒருவர் கைது செய்யப்பட்டு ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். வெளியே ஒத்திகை பார்த்ததை அவர் உள்ளே ஞாபகத்திலிருந்து திரட்டி, சக கைதி ஒருவரோடு, சிறைக் கச்சேரியில் ஒரு சிறு ரூபமாக நடித்துக் காட்டினார். அந்தச் செய்தி வெளியே வந்துதான் ‘தீவு’ நாடகத்துக்குக் கருவாயிற்று. அதாவது, குழு சிதறி, மேடை இழந்து, உடை இல்லாமல், அறுந்த கயிற்றைப் பொய்ம்முடியாக்கி, நினைவை மட்டும் கைமுதலாகக் கொண்டு ஒரு நாடகத்தைத் திரும்ப எழுப்புவது என்ற செயலைப் பற்றியதே இந்த நாடகம். இதைப் போய்த் திரும்ப எழுப்பாதே என்று சொல்பவர் அதை முழுதும் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

மேலும் ஒரு விஷயம். 1973இலும் 1974இலும் அதைப் பார்த்த லண்டன்காரரும் நியூயார்க்காரரும் அதை ஒரு செய்தியாகவே கேட்டிருப்பார்கள். மறைத்து வைக்கப்பட்ட சிறையிலிருந்து தப்பி வந்த வாக்குமூலத்தைக் கேட்பவனுக்கு, அதிலுள்ள வாக்கிய நயத்தைக் கவனிக்க அவகாசம் ஏது? அரசியல் அநீதி உயிரோடிருக்கும்வரை அது நாடகத்தின் முன்னே ஒரு பெரிய கோபுரமாக நின்று, பின்னாலிருக்கும் சிறிய சந்நிதியை மறைக்கிறது. கோபுரம் விலகிய பிறகுதான், ஒருவன் விடுதலையாகிறான் என்பதை இன்னொருவன் எப்படிப் பொறுத்துக்கொள்வது என்ற, எந்தச் சட்டத்தாலும் ஏற்படாத, எந்தச் சட்டத்தாலும் தீராத துக்கம் வெளியே தெரிகிறது. அதைக் காண்பதற்கு 2000ஆம் ஆண்டுப் பார்வையாளர் 1973ஆம் ஆண்டுப் பார்வையாளரைவிட நல்ல இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

சரி, வேறு ஆட்களே அதைக் காட்டலாமே என்பார்கள். காட்டலாம். பீட்டர் புரூக் 2006இல் ‘சிஸ்வே பான்ஸி’யைப் பிரெஞ்சு மொழியில் வேறு நடிகர்களைக் கொண்டு நடத்தினார், நாடகம் எவருக்கும் பட்டா எழுதிக் கொடுத்த நிலமன்று. ஆனால் ராபன் தீவையே பாருங்கள். 1997இல் அது அருங்காட்சியகமாயிற்று. 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. படகேறிப் போகும் யாத்திரிகர்களுக்குச் சிறையைச் சுற்றிக் காட்டும் பணியில் முன்னாள் கைதிகளே அமர்த்தப்பட்டார்கள். தாம் அடைபட்டிருந்த அறையின் வாசலில் நின்று, தாம் உண்ட உணவின் அளவைத் தம் வாயாலே சொல்லும் அந்த முதியவரைப் பார்த்து, ஐயா உமக்கு வயதாகிவிட்டது, இனிய குரலுடைய ஓர் இளைஞரை அனுப்பும் என்று எவராவது சொன்னதுண்டா? கானியும் இன்ட்ஷோனாவும் ராபன் தீவுக் கைதிகளாக இருந்தவர்கள் அல்லர் என்பது மெய். ஆனால் 1976இல் டிரான்ஸ்கேயில் ‘சிஸ்வே பான்ஸி’ நடித்ததற்காகவே கைதாகிச் சிறை கண்டவர்கள். முதல் அரங்கேற்றத்தில் கைதிகளாக நடித்தவர்கள் சிறை அறியாதவர்கள். மறு மேடையேற்றத்தில் நடித்தவர்கள் சிறை அறிந்தவர்கள். இவற்றில் எது அசல், எது நகல்?

‘சிஸ்வே பான்ஸி’யைப் பற்றி மட்டும் எதிர்க்கட்சிக்கு ஒரு படி இறங்கிக் கொடுக்கிறேன். அதையும் அவ்விருவர் 2006 முதல் தென்னாப்பிரிக்காவிலும், 2007இல் லண்டனிலும், 2008இல் புரூக்ளினிலும் மறுபடி நடித்தார்கள். வேலை தேடி நகரத்துக்கு வந்து, தங்குவதற்கு அனுமதி கிடைக்காமல், தெருவில் கிடந்த ஒரு பிணத்தின் பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, தன் பெயரை விட்டு அந்தப் பெயரில் பிழைக்கத் துணிகிற குடும்பஸ்தனின் கதை அது. அடையாளச் சீட்டு மனிதனை விழுங்குகிற இந்த விஷயம் தமிழருக்குப் புதிதன்று. ஜோகன்னஸ்பர்க் மசூதி மைதானத்தில் 1908ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று காந்தியடிகளோடு நின்று பதிவுச் சீட்டுகளைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். கதை அப்படியிருக்க, பெயரை மாற்றிக்கொண்டு தொழிற்சாலையில் வேலைக்குச் சேரப் போகிறவனுக்கு அறுபத்தைந்து வயது என்றால், கதையின் மூட்டு ஒன்று சற்றே தளர்ந்துதான் போகிறது. ஸ்டைல்ஸ் என்ற புகைப்படக்காரனாக வந்து, தொழிற்சாலை மேலதிகாரியும் தொழிலாளியும் தானேயாக மாறி மாறி நெடுநேரம் துள்ளும் அந்த முதற் பகுதியும் இளமையின் சொத்து. ஒரு காலத்தில் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் கானி தாமே வேலை பார்த்தவர் என்பது அந்தப் பகுதிக்கு ருசி கூட்டும், துள்ளலைத் தராது. ஆகவே எல்லா நாடகத்துக்கும் எல்லா வயதும் பொருந்தும் என்று நான் வாதிக்கவில்லை. எது பொருந்தும் என்பதை நாடகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஜாதகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

இளைஞர்களின் இடத்தைக் கிழவர்கள் அபகரிக்கிறார்கள் என்ற புகாருக்கு நீண்ட பதில் தேவையில்லை. புரூக்ளினில் ஸ்டைல்ஸ் வேடத்தைக் கழற்றி வைத்த கானி, 2015இல் அமெரிக்காவின் மக்கார்ட்டர் அரங்கில் அதே நாடகத்தை நெறிப்படுத்தினார். ஸ்டைல்ஸாக நடித்தவர் அவருடைய மகன் அடாண்ட்வா கானி. எழுதி வைத்துப் பிறகு நடிக்கப்பட்ட நாடகமாக இருந்தால் மகன் அச்சுப் பிரதியை வாங்கிப் படித்திருக்கலாம். உடலில் பிறந்து பிறகு எழுத்தில் இறங்கிய நாடகம் ஆகையால், அது உடலிலிருந்து உடலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. வாத்தியார் இல்லாமல் கூத்து அடவைப் புத்தகத்தில் படித்தவன் எவன்? முப்பது ஆண்டு கழித்து அந்த இருவர் கூடி அதைத் தம் உடலில் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், மகனுக்குக் கைமாற என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1995ஆம் ஆண்டில் ராபன் தீவின் முன்னாள் அரசியல் கைதிகள் அந்தத் தீவிலேயே மறுபடி கூடினார்கள். சுண்ணாம்புக் குழிக்குப் போனபோது மண்டேலா குனிந்து ஒரு கல்லை எடுத்து வைத்தார். பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொரு கல்லாக வைத்தார்கள். அந்தக் குவியலை இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். எதற்காகப் பழைய ஆட்கள் பழைய இடத்தில் கூடிப் பழைய வேலையைச் செய்தார்கள் என்று அவர்களை எந்த விமர்சகரும் கேட்கவில்லை.

இன்ட்ஷோனா 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் காலமானார். ஃபூகார்ட் 2025ஆம் ஆண்டு மார்ச்சில் மறைந்தார். இரு நாடகங்களும் 1974இல் அச்சேறிவிட்டன. வேண்டியவர் வாங்கிப் படிக்கலாம். ‘தீவு’ என்ற பகுதியின் தொடக்கத்தில், இருவர் மணல் அள்ளுகிறார்கள் என்று சில வரி விவரணை இருக்கும். அந்த மணல் எவ்வளவு கனம், எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், எதிரே இருப்பவனை எப்போது பார்க்க வேண்டும், எப்போது பார்க்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது ஒருவர்தாம் இருக்கிறார்.